மூன்றாவது போத்தல்

ஆனைக்கல் தோட்டம், நோர்வூட்.
12-2-1955

அன்புள்ள மாமாவுக்கு அம்மாக்கண்ணு எழுதுவது.

இங்கே நான் சுகம். கொட்டகலையில் நம் மகள் பூரணி சுகம், முழுகாமல் இருக்கிறாள், மூன்றாம் மாதம். உங்கள் சேவல் சுகம். துரை மட்டும் சுகம் இல்லை. அதற்குக் காரணம் நீங்கள்.

உங்கள் தந்தியைக் கிளாக்கர் ஐயாதான் படித்துச் சொன்னார். மண்டபத்தில் நிறுத்திவிட்டார்களாம், பாஸ் நாள் தாண்டிவிட்டதாம், கப்பல் ஏற விடமாட்டார்களாம். மூன்று மாதப் பாஸில் போய்ப் பதினொரு நாள் பிந்தி வந்தால், பின்னே மாலை போட்டா கூட்டிக்கொண்டு வருவார்கள்? அண்ணன் காரியத்துக்குப் போன இடத்தில் காய்ச்சல் என்று எழுதியிருக்கிறீர்கள். காய்ச்சலா, இல்லை கஞ்சி வைத்துக் கொடுக்க அங்கே யாராவது கிடைத்துவிட்டாளா என்று லயத்துப் பெண்கள் என்னைக் கேட்கிறார்கள். "அந்த மூஞ்சிக்கு நான் ஒருத்தி வாக்கப்பட்டதே பெருசு, இன்னொருத்தி வேறயா வரப்போறா?" என்று சொல்லி வாயை அடைத்திருக்கிறேன். கோபிக்க வேண்டாம். உங்கள் மானத்தைத்தான் காப்பாற்றினேன்.

விஷயத்துக்கு வருகிறேன். சுந்தரலிங்கம் கிளாக்கர் ஐயா சொன்னது இது. பெரிய துரை கொழும்பு ஆபீசுக்கு ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். 'ஒன்பது வருஷமாக மாயாண்டிதான் என் பங்களாவுக்கு அப்பு, சமையலும் மேசையும் அவன் பொறுப்பு, அவன் வேலையைச் செய்ய இங்கே வேறு ஆள் இல்லை' என்று எழுதினால் புதுப் பாஸ் கிடைக்கலாம். வேறு ஆள் இல்லை என்பதுதான் முக்கியமாம். அதை இரண்டு தரம் சொன்னார்.

ஆனால் துரையிடம் போய் யார் கேட்பது? அந்த ஆறு மணிக் கிளாஸ் தொண்டையில் இறங்கினால்தான் அவருக்கு மனுஷ முகம் வரும் என்பது உங்களுக்குத் தெரியாததா? சண்டைக் காலத்தில் கனடாவில் விமானம் ஓட்டப் படித்த இடத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம், நீங்கள் போன நாளிலிருந்து இல்லை. சூப், கறி, புடிங் எல்லாம் நானே செய்து ஒப்பேற்றுகிறேன். கிளாஸ் அலமாரிப் பக்கம் மட்டும் என்னை நீங்கள் விட்டதே இல்லையே, ஏதோ சாமி அறை மாதிரி.

போன ஞாயிற்றுக்கிழமை துணிந்துவிட்டேன். அந்தக் கிளாஸுக்கு மன்ஹாட்டன் என்று பெயர், பெயரிலேயே நம் ஹட்டன் இருக்கிறது, நமக்கு வராதா என்று ஒரு நினைப்பு. அலமாரியில் இருந்த இரண்டு போத்தலில் இருந்தும் ஊற்றி, தேத்தண்ணி ஆற்றுகிற மாதிரி ஒரு முழ உயரத்தில் நன்றாக ஆற்றினேன். ஒரு விரல்கடை நுரை வந்தது. பெருமையாகக் கொண்டுபோய் வைத்தேன்.

"இது என்னா, சவுக்காரத் தண்ணியா?"

"தொரை குடிக்கிற மன்ஹாட்டன்தாங்க."

"இந்த நொர எங்கேருந்து வந்துச்சு?"

"ஆத்துனேங்க."

துரை சிரிக்கவில்லை. "மாயாண்டி எப்ப வர்றான்?" என்று கேட்டுவிட்டு, கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். மறுநாள் ஹட்டனில் வேறு அப்பு பார்க்கச் சொல்லிவிட்டாராம். அந்த ஆள் வந்தால் நாம் குடியிருக்கிற இந்தக் காம்பராவும் அவனுக்குத்தான். அதுவும் போகட்டும், அவன் வந்த பிறகு 'வேறு ஆள் இல்லை' என்று துரை எப்படி எழுதுவார்?

அதனால் அந்தக் கிளாஸை எப்படிப் போடுவது என்று உடனே எழுதுங்கள். துரையை ஒரு நாள் சிரிக்க வைத்துவிட்டால் கையெழுத்து வாங்கிவிடுவேன்.

உங்கள் தலையில் கட்டி வைக்கப்பட்ட
அம்மாக்கண்ணு


வைரவன் காப்பிக் கடை,
மண்டபம் ஸ்டேஷன் எதிரில்.
20-2-1955

அம்மாக்கண்ணுக்கு,

கடிதம் கிடைத்தது. இந்தக் கடைக்கு வருகிற கடிதங்களையெல்லாம் முதலாளி வைரவன்தான் பிரித்து, இட்லி சாப்பிடுகிறவர்களுக்கும் கேட்கிற மாதிரி படிப்பார். என் மூஞ்சியைப் பற்றி நீ எழுதியதை எட்டுப் பேர் கேட்டார்கள். இனிமேல் பார்த்து எழுது.

நான் இங்கே உளுந்து ஆட்டுகிறேன். பகலில் ஆட்டுக்கல், மற்ற நேரத்தில் வாசல் பெஞ்சு. உடம்பு பரவாயில்லை.

ஆற்றினாயா? அதை நோர்வூட்டில் யாரிடமும் சொல்லாதே. மற்ற பங்களா அப்புமார் காதில் விழுந்தால் நான் அங்கே தலைகாட்ட முடியாது. இப்போது சொல்வதை அடி பிசகாமல் செய்.

உயரமான கண்ணாடி ஜாடி ஒன்று இருக்கிறது. அதில் பாதிக்கு மேல் ஐஸ் போடு. பெரிய கட்டியாக இருக்க வேண்டும், தூளாக்கினால் தண்ணீர் விட்டுவிடும். கிளாஸையும் முன்னாலேயே ஐஸ் பெட்டியில் வைத்துவிடு. வெள்ளி அளவுக் கிண்ணத்தால், சிவப்பு மூடிப் போத்தலில் இருந்து இரண்டு அளவு. அதுதான் ரை விஸ்கி. ரை என்பது கனடாவில் விளைகிற ஒரு தானியம், நம் கேப்பை மாதிரி என்று வைத்துக்கொள். பச்சைப் போத்தலில் இருந்து ஒரு அளவு. அது வெர்மூத் என்கிற இனிப்பு வைன். பிறகு நீளக் கரண்டியை விடு. கரண்டியின் முதுகு கண்ணாடியைத் தொட்டபடியே சுற்ற வேண்டும். சத்தம் வரக்கூடாது. கலக்குகிறோம் என்பதே ஐஸுக்குத் தெரியக்கூடாது. குலுக்காதே, குலுக்கினால் கலங்கிப்போகும். நாற்பது சுற்று. ஜாடிக்கு வெளியே வேர்க்கும், அப்போது நிறுத்து. வடித்து ஊற்று. டின்னில் இருக்கிற செர்ரிப் பழம் ஒன்று அடியில்.

அவ்வளவுதான். இதில் வேறு ஒன்றும் இல்லை.

இந்த மாகாணத்தில் மதுவிலக்கு. இந்தக் கடிதத்தை நான் எழுதுவதை எட்டிப் பார்த்த வைரவன், போலீஸ் வந்தால் உன்னை யாரென்றே தெரியாது என்று சொல்லிவிடுவேன் என்கிறார். ஒன்பது வருஷம் படித்த வேலை, கடலுக்கு இந்தப் பக்கம் குற்றம்.

பூரணியைப் பார்த்துக்கொள். துரையிடம் கையெழுத்து வாங்கு.

மாயாண்டி


ஆனைக்கல் தோட்டம்.
3-3-1955

அன்புள்ள மாமாவுக்கும், வாசிக்கிற வைரவன் முதலாளிக்கும், கேட்கிற எட்டுப் பேருக்கும் அம்மாக்கண்ணுவின் வணக்கம்.

முதலாளி, அவரைக் கொஞ்சம் உட்காரச் சொல்லிவிட்டுப் படியுங்கள். நல்ல சேதி.

நீங்கள் எழுதியபடியே செய்தேன். மூன்று நாள் செய்தேன். நாற்பது சுற்று, சத்தம் இல்லை, ஜாடி வேர்த்தது, ஜாடியை விட எனக்குத்தான் அதிகமாக வேர்த்தது. துரை குடித்தார். திட்டவில்லை. ஆனால் மூன்று நாளும் பாதியில் வைத்துவிட்டு ஒரே பேச்சு. "கலக்குறது சரி. ஆனா மாயாண்டி போடுறது இப்பிடி இல்ல. என்னமோ ஒண்ணு கொறையுது."

என்ன குறைகிறது? அலமாரியைக் குடைந்தேன். மீன் கத்திகளுக்குப் பின்னால், துணியில் சுற்றி, ஒரு குட்டிப் போத்தல். அதில் ஒட்டியிருக்கிற காகிதம் அதன் கழுத்துக்கு மேலே வரை நீட்டிக்கொண்டு நிற்கிறது, அப்பன் சட்டையைப் போட்டுக்கொண்ட பிள்ளை மாதிரி. இது ஏதோ மருந்து என்றுதான் முதலில் நினைத்தேன். மூடியைத் திறந்தேன். மாமா, அந்த வாசனை எனக்குத் தெரியும்! ஒன்பது வருஷமாக உங்கள் வெள்ளைக் கோட்டைத் துவைக்கிறவள் நான். வலது கைப் பட்டியில் மட்டும் ஒரு கசாய வாசனை இருக்கும். பட்டை, கிராம்பு, ஏதோ வேர். எத்தனை தரம் கேட்டிருக்கிறேன், "குசினி வாசனைடி" என்று சொல்லி மழுப்புவீர்களே. சோப்புப் போட்டுத் தேய்த்தவளுக்குத் தெரியாதா?

இத்தனை வயசில் உங்களுக்கு இவ்வளவு மறதி. முக்கியமானதை எழுத விட்டுவிட்டீர்கள்.

நேற்று இரண்டு சொட்டு விட்டேன். கொண்டுபோய் வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றேன். ஒரு வாய் குடித்தார். கிளாஸைக் கையிலேயே வைத்துக்கொண்டு குசினிப் பக்கம் திரும்பி,

"மாயாண்டி! எப்படா வந்தே?" என்று கூப்பிட்டார்.

எனக்கு ஒரு நிமிஷம் நீங்களே உள்ளே நிற்கிற மாதிரி இருந்தது. திரும்பிக்கூடப் பார்த்துவிட்டேன்.

"நான்தாங்க தொரை."

"நீயா? நீ போட்டதா?"

"ஆமாங்க. அவரு எழுதிக் குடுத்தது, நான் போட்டது."

முழுசாகக் குடித்தார். இன்னொன்று கேட்டார். பிறகு சிரித்தார் மாமா, பல் தெரியச் சிரித்தார். காலையில் ஹட்டன் ஆள் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிட்டார். கொழும்புக்கு அனுப்புகிற உங்கள் காகிதத்தையும் கொண்டுவரச் சொல்லிவிட்டார். கிளாக்கர் ஐயா அடுத்த வாரம் எடுத்து வருவார்.

பெட்டியைக் கட்டி வையுங்கள். வரும்போது எனக்குச் சுங்குடிச் சேலை ஒன்று. மறதிக்கு அபராதம்.

கெட்டிக்காரி
அம்மாக்கண்ணு


மண்டபம்.
4-3-1955

அம்மாக்கண்ணுக்கு,

இதை நானே எழுதி, நானே ஒட்டி, வைரவன் கண்ணில் படாமல் போடுகிறேன். நீயும் தனியாகப் படி.

போன கடிதத்தில் நான் உன்னிடம் முழுசாகச் சொல்லவில்லை. மூன்றாவதாக ஒரு போத்தல் இருக்கிறது. அதை வேண்டுமென்றுதான் விட்டேன். எழுதிவிட்டுப் பன்னிரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. நீ அங்கே திட்டு வாங்குவாயே என்று நினைப்பு. ஆனாலும் யோசித்துப் பார். கிளாஸ் பாதி சரியாக இருந்தால் துரை ஹட்டன் ஆளைத் தேட மாட்டார். முழுசும் சரியாக இல்லாவிட்டால் என்னைத் தேடுவார். அந்தப் பாதிக் குறையில்தான் நான் அங்கே திரும்பி வர முடியும். வேறு ஆள் இல்லை என்று அவர் மனசார எழுத வேண்டுமானால், அவருக்கு அது உண்மையாக இருக்க வேண்டும்.

உனக்குச் சொல்லித் தரக்கூடாது என்று இல்லை. உன்னிடம் ஒளிக்க எனக்கு என்ன இருக்கிறது? முதலிலேயே இதைச் சொல்லியிருக்கலாம். வைரவன் வாசிப்பாரே என்றும் நினைத்தேன், நீ நடிக்கத் தெரியாமல் சிரித்துவிடுவாயே என்றும் நினைத்தேன்.

அதைத் தேடாதே. கண்ணில் பட்டாலும் தொடாதே. காகிதத்தில் கையெழுத்து விழுகிற வரைக்கும் துரை என்னைக் கேட்டுக்கொண்டே இருக்கட்டும்.

கோபித்துக்கொள்ளாதே அம்மாக்கண்ணு.

மாயாண்டி


ஆனைக்கல் தோட்டம்.
14-3-1955

மாமாவுக்கு,

உங்கள் நாலாந்தேதிக் கடிதம் பத்தாந்தேதிதான் தப்பால் பையில் வந்தது. அதற்குள் என் மூன்றாந்தேதிக் கடிதம் உங்களுக்குக் கிடைத்திருக்கும். இரண்டும் நடுக்கடலில் ஒன்றை ஒன்று பார்த்துச் சிரித்திருக்கும்.

உங்களுக்கு மறதி என்று நான் கேலி செய்து எழுதியதை நினைத்தால் இப்போது காது சுடுகிறது. ஆனால் ஒன்று கேட்கிறேன். கட்டின பெண்டாட்டியிடம் 'இப்படி ஒரு யோசனை வைத்திருக்கிறேன்' என்று சொன்னால் என்ன? நான் சிரித்துவிடுவேன் என்று பயமா? சிரிக்கிற வாய் ஒரு விஷயத்தை மூடி வைக்காது என்று யார் சொன்னது? பூரணி மூன்று மாதம் என்று முதலில் எனக்குத் தெரிந்தும் அவள் மாமியார் சொல்கிற வரைக்கும் வாயைத் திறந்தேனா?

சரி. திட்டியாயிற்று. நடந்ததைக் கேளுங்கள்.

கடிதம் கண்ட அன்றே அந்தக் குட்டிப் போத்தலைப் பழைய இடத்தில் ஒளித்துவிட்டு, அது இல்லாமல் போட்டுக் கொடுத்தேன். துரை ஒரு வாய் குடித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அம்மாக்கண்ணு, ஒனக்கு ஒடம்பு சரியில்லையா?" என்னை டிஸ்பென்சரிக்கு அனுப்பி வைத்துவிட்டார். ஒரு போத்தல் வெள்ளை மருந்து கொடுத்தார்கள். அதையும் குடித்துத் தொலைத்தேன். மறுநாள் இரண்டு சொட்டுக்கு எட்டுச் சொட்டு விட்டேன். முகத்தைச் சுளித்தார், "பரவால்ல, பரவால்ல" என்று குடித்து முடித்தார். அதற்கும் அடுத்த நாள் மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஒரு முழத்துக்கு ஆற்றியே கொண்டுபோனேன். நுரையைப் பார்த்ததும் துரை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்! "வெளயாடுறியா அம்மாக்கண்ணு?" என்கிறார். முதல் தரம் முகத்தில் ஒரு சுருக்கம் அசையாத மனுஷன். எனக்கு வரும் என்று அவருக்குத் தெரிந்துபோயிற்று மாமா. இனி நான் எத்தனை கெடுத்தாலும் அது விளையாட்டுத்தான்.

நேற்றுச் சாயங்காலம் கிளாக்கர் ஐயா காகிதத்தோடு வந்தார். துரை விறாந்தையில் உட்கார்ந்து, கிளாஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லச் சொல்ல, ஐயா எழுதினார். நான் தட்டோடு நின்றேன். ஒரு இடத்தில் ஐயா பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். துரையிடம் இங்கிலீசில் தணிந்த குரலில் என்னவோ நீளமாகச் சொன்னார். துரை தலையை ஆட்டினார். பிறகு என்னிடம் திரும்பி, "நான் பொய் எழுத மாட்டேன் அம்மாக்கண்ணு. ஆனா நல்லா எழுதுறேன். பாரு, ரொம்ப நல்லா எழுதுறேன்" என்றார். நிறைய எழுதச் சொன்னார். ஒரு பக்கம் நிரம்பி அடுத்த பக்கம் போயிற்று. இவ்வளவு எழுதுகிறாரே என்று எனக்குச் சந்தோஷம்.

ஐயா போகும்போது படிக்கட்டுவரை ஓடிப்போய்க் கேட்டேன்.

"என்னாங்க ஐயா எழுதுனாரு?"

"கொழும்பு ஆபீசு காகிதத்துல, இப்ப அந்த வேலைய யார் செய்றாங்கன்னு ஒரு கேள்வி இருக்கு. அவன் சம்சாரம் செய்றா, அவனப் போலவே செய்றான்னு எழுதச் சொல்லிட்டாரு."

"அப்புறம்?"

"நல்ல குடும்பம், நம்பிக்கையான ஆளு, தயவுசெஞ்சு திரும்பி வர விடுங்கன்னு ஒரு பக்கம்."

"அப்ப நல்லதுதானுங்களே ஐயா?"

அவர் குடையை விரித்தார். "மொதக் கேள்விய படிச்சதுக்கப்புறம் அந்த ஒரு பக்கத்த யாரு படிப்பா அம்மாக்கண்ணு?" என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கிவிட்டார்.

துரை நல்லவர். அதுதான் எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. கெட்டவராக இருந்தால் காலில் விழுந்து பொய் சொல்ல வைத்திருப்பேன்.

அம்மாக்கண்ணு


மண்டபம்.
22-3-1955

அம்மாக்கண்ணு,

உன் கைத்திறமையைக் காட்ட உனக்கு இந்தச் சமயம்தான் கிடைத்ததா? ஒன்பது வருஷம் அலமாரிப் பக்கம் வராதே என்று சொன்னேனே, எதற்கு? என் இடம் என்று எனக்கு இருந்தது அந்த ஒரு அலமாரிதான். மோப்பம் பிடித்துக்கொண்டு போய் அதையும் திறந்துவிட்டாய்.

மேலே எழுதியதைக் கிழித்துப் போட நினைத்தேன். காகிதம் இது ஒன்றுதான் இருக்கிறது. அதனால் அப்படியே இருக்கட்டும். அதைப் படிக்காமல் இங்கிருந்து படி.

தப்பு உன்மேல் இல்லை. ஒளித்தவன் நான். நீ எனக்காகத்தான் தேடினாய். எனக்கு அது தெரியும். தெரிந்தும் கோபம் வருகிறது, யார்மேல் காட்டுவது என்று தெரியவில்லை. உளுந்தின்மேல் காட்டுகிறேன். மாவு நன்றாக வருகிறது என்று வைரவன் சந்தோஷப்படுகிறார்.

தினமும் போட் மெயில் ரயில் இந்த ஸ்டேஷனில் நிற்கும். கப்பலுக்குப் போகிறவர்கள் ஜன்னலில் தலையை நீட்டிக் காப்பி கேட்பார்கள். கொண்டுபோய்க் கொடுக்கிறவன் நான்தான். நேற்று ஒரு கிழவர் "நீங்க எந்தத் தோட்டம்?" என்று கேட்டார். என் பேச்சிலேயே கண்டுபிடித்துவிட்டார். "நோர்வூட் பக்கம்" என்றேன். "நாளைக்கு நானும் அந்த வழியாத்தான் போவேன், ஏதாச்சும் சொல்லணுமா?" என்றார். கிளாஸை வாங்கிக்கொண்டேன். ரயில் போய்விட்டது.

கொழும்புப் பதில் வந்ததும் எழுது. நல்லதாக இருந்தால் தந்தி அடி.

மாயாண்டி


ஆனைக்கல் தோட்டம்.
16-5-1955

அன்புள்ள மாமாவுக்கு,

தந்தி அடிக்கவில்லை. அதிலேயே உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

பதில் வெள்ளிக்கிழமை வந்தது. இரண்டே வரி. இந்த வேலைக்கு இங்கேயே ஆள் இருப்பதாகத் தெரிவதால் அனுமதி தர இயலாது. கிளாக்கர் ஐயா படித்துச் சொன்னார். துரை எழுந்து நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்து "ஸாரி அம்மாக்கண்ணு" என்றார். துரை ஒருத்தர் என்னிடம் ஸாரி சொன்னது இதுதான் முதல் தரம். "பரவாயில்லீங்க தொரை" என்று சொல்லிவிட்டேன். அதை எதற்குச் சொன்னேன்? எனக்குப் பரவாயில்லையா? வாய் பழகின பழக்கம்.

ஆறு மணிக்குக் கிளாஸ் போட்டேன். போடக்கூடாது என்றுதான் குசினிக்குள் போனேன். கை தன் பாட்டுக்கு ஐஸை எடுத்தது, தன் பாட்டுக்குக் கலக்கியது. ஜாடி வேர்த்தது. கொண்டுபோய் வைத்தேன். அவரும் குடித்தார். இரண்டு பேருக்கும் வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. துரை என்னையே அப்புவாகப் பதியச் சொல்லிவிட்டார். சனிக்கிழமை ஆபீசில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால் காம்பரா எனக்கு. போடாவிட்டால் ஹட்டன் ஆள் ஒன்றாந்தேதி வருகிறான். பூரணிக்கு இது ஆறாம் மாதம். தலைப்பிரசவம், தாய் வீட்டுக்குத்தானே வர வேண்டும். எந்த வீடு என்று அவள் மாமியார் கேட்கிறாள்.

நான் அங்கே வரலாமா என்று ஐயாவிடம் கேட்டேன். வரலாமாம். போகிற பாஸ் உடனே கிடைக்குமாம், திரும்புகிற பாஸ் கிடையாது. பூரணியை இந்த நிலையில் விட்டுவிட்டு வந்தால் அவள் முகத்தையும், பிள்ளை முகத்தையும் இனி நான் பார்க்கப் போவதில்லை. வராவிட்டால் உங்கள் முகம். கேலிக்கு ஏதாவது சொல்லலாம் என்று உங்கள் மூஞ்சியைப் பற்றி ஒரு வரி எழுதினேன். அடித்துவிட்டேன்.

நீங்கள் சொன்னால் செய்கிறேன் என்று எழுத ஆசைதான். ஆனால் சனிக்கிழமைக்குள் உங்கள் பதில் இங்கே வந்து சேராது. நான் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உங்கள் கடிதத்தைப் பிரிப்பேன். ஆபீஸ் புத்தகத்தில் உங்கள் பெயரை அடித்துவிட்டு அதன் கீழேதான் என் பெயரை எழுதுவார்களாம். அடிக்கும்போது பார்க்க வேண்டாம், வெளியே நில் என்று ஐயா சொல்லியிருக்கிறார். நான் பார்க்கத்தான் போகிறேன்.

அம்மாக்கண்ணு


மண்டபம்.
25-5-1955

அன்புள்ள அம்மாக்கண்ணுக்கு,

இதை நீ படிக்கும்போது போட்டிருப்பாய். போட்டது சரி. இங்கே வராதே. வைரவன் கடையில் பெஞ்சு ஒன்றுதான் இருக்கிறது, நீ குறட்டை விடுவாய். நான் அடுத்த வாரம் மதுரைக்குப் போகிறேன். ஸ்டேஷன் பக்கம் ஒரு ஓட்டலில் சர்வர் வேலை. விலாசம் பிறகு எழுதுகிறேன்.

அப்பு வேலை உன்னுடையது என்று ஆகிவிட்டதால் சில விஷயங்கள் சொல்ல வேண்டும். கவனமாகப் படி.

வெர்மூத் போத்தலைத் திறந்துவிட்டால் ஐஸ் பெட்டிக்குள் வை. ஒரு மாதத்துக்கு மேல் போனால் புளிக்கும். புளித்ததைத் துரைக்கு ஊற்றாதே, மாட்டிறைச்சி வேகும்போது ஊற்று. செர்ரி டின்னைத் திறந்ததும் பழத்தைக் கண்ணாடிச் சீசாவுக்கு மாற்றிவிடு. ரை விஸ்கிப் பெட்டி இனி ஒழுங்காக வராது. கடைசிப் போத்தல் பாதியானதும் துரையிடம் முன்கூட்டியே சொல்லிவிடு. தீர்ந்த பிறகு சொன்னால் பிடிக்காது.

ஆடி மழையில் அவருக்கு முழங்கால் வலிக்கும். சொல்ல மாட்டார். நாற்காலியில் இருந்து எழும்போது மேசையைப் பிடிப்பார். அன்றைக்கு அந்தச் சின்னப் போத்தலில் மூன்று சொட்டு. அவர் ஊரில் இருந்து கடிதம் வந்தால் இரண்டாவது கிளாஸ் கேட்பார். சாப்பாட்டை முதலில் கொண்டுபோய் வைத்துவிடு, பிறகு கொடு.

செப்டம்பர் ஏழாம் தேதி இரண்டு கிளாஸ் போட வேண்டும். ஒன்று அவருக்கு, ஒன்று எதிர் நாற்காலிக்கு. கனடாவில் அவரோடு விமானம் படித்த ஒருத்தர் விழுந்து செத்த நாள். யாருக்கு என்று கேட்காதே. அந்தக் கிளாஸைக் காலை வரைக்கும் எடுக்காதே. இது துரைக்கும் எனக்கும்தான் தெரியும். இப்போது உனக்கு.

தட்டை இடது கையில் ஏந்து. சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொள், கிளாஸில் படும். என் வெள்ளைக் கோட்டைப் பிரித்து உன் அளவுக்குத் தைத்துக்கொள். நல்ல துணி.

பிள்ளை பிறந்ததும் எழுது. ஆணோ பெண்ணோ, கை கால் எப்படி, அழுகை எப்படி என்று நீளமாக எழுது. மதுரை ஓட்டலில் யாரும் உரக்கப் படிக்க மாட்டார்கள், நீ என்ன வேண்டுமானாலும் எழுதலாம்.

துரை என்னைப் பற்றிக் கேட்டால், சௌக்கியமாக இருக்கிறான் என்று சொல். கேட்காவிட்டால் நீயாகச் சொல்லாதே.

மாயாண்டி